தோடை மரத்து எறும்புகள்

நல்லமுத்து செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலாயி படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, புருசன் விட்டுப்போன கிரீஸ் டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளை கந்தப்பன் வீட்டுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தானாகவே போனாள்.

தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கு லயத்தில், ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பிரா, பத்து ஒற்றை அறை வீடு. பத்துக் காம்பிராக்காரர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஈர விறகை ஊதிக்கொண்டிருந்த பெண்கள்கூட ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். புருசனைத் தின்றவன் வீட்டு வாசலுக்கே கூலியில்லாத வேலைக்குப் போகிறாளே, இவளுக்கு ரோசம் என்பதே கிடையாதா என்று அவர்கள் பேசிக்கொண்டது வேலாயியின் காதில் விழாமல் இல்லை. மகள் மீனம்மா அதைக் கேட்க முடியாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தொன்பது வயதுப் பெண். தகப்பன் போன துக்கத்தைவிட, தாய் இப்படிப் போவதுதான் அவளுக்கு அப்போது பெரிய துக்கமாக இருந்தது.

நல்லமுத்துவைக் கந்தப்பன் வெட்டவுமில்லை, குத்தவுமில்லை. ஒரே ஒரு வரி எழுதினான். அவ்வளவுதான்.

அது நடந்தது அக்கரப்பத்தனைக்கு மேலே, கரடிப்பாறைத் தோட்டத்தில். வெள்ளைக்காரன் ஆட்சியை விட்டுப் போன கையோடு, தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று ஒரு சட்டம் வந்தது. அதன்பிறகு வந்த இன்னொரு சட்டம், இத்தனை வருசம் விட்டுப்போகாமல் இங்கேயே கிடந்தேன் என்று காட்டுகிறவன் மனுப் போடலாம் என்றது. சங்கத் தலைவர் சோலைமலை எழுதிக்கொடுக்க, நல்லமுத்துவும் ஐம்பத்தொன்றாம் வருசம் மனுப் போட்டான். நாலு வருசம் ஒரு சத்தமும் இல்லை. ஐம்பத்தைந்து வைகாசியில் ஒரு பழுப்புக் கடுதாசி வந்தது. நாற்பத்து நாலாம் ஆண்டு மாசி முதல் பதினாலு மாதம் உன் பெயர் தோட்டத்துச் செக்ரோலில், வேலையாட்கள் பெயர் போடும் புத்தகத்தில், இல்லை. நீ இந்தியாவுக்குப் போயிருந்ததாகத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். உன் மனுவை ஏன் தள்ளக்கூடாது, பதில் சொல் என்று அதில் இருந்தது. அப்படித் தோட்டத்துக்காக எழுதிக் கொடுத்தவன் கந்தப்பன்.

நல்லமுத்து இந்தியாவை ஒரு நாளும் பார்த்தவனில்லை. அந்தப் பதினாலு மாதமும் லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தான். கந்தப்பன் அப்போதுதான் புதிதாகக் கணக்கப்பிள்ளை ஆகியிருந்தான். வீட்டுக்குப் பின்னால் புல்லும் கல்லுமாகக் கிடந்த சரிவின் மேல் அவனுக்கு ஆசை. பழைய துரைக்குத் தெரியாமல் நல்லமுத்துவை மலை வேலையிலிருந்து நிறுத்தி, அந்தச் சரிவில் இறக்கிவிட்டான். நல்லமுத்து கல்லைப் பெயர்த்து எட்டு வரிசைக் கட்டு கட்டினான். வெலிமடைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து ஆரஞ்சுப் பழம் காய்க்கும் பன்னிரண்டு தோடங்கன்றுகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நட்டான். செக்ரோலில் பெயர் வராதே என்று ஒருமுறை கேட்டதற்கு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கந்தப்பன் சொன்னான். அரிசியும் மத்தியானச் சோறும் கந்தப்பன் வீட்டிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு பத்து வருசம், மழையானாலும் பனியானாலும், ஞாயிற்றுக்கிழமை என்றால் நல்லமுத்து அந்த மரங்களோடுதான்.

இப்போதைய துரை பிறகு வந்தவர். அந்த மரங்கள் பழைய துரையின் உத்தரவோடு வைத்தவை என்றே அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. வருசாவருசம் மார்கழியில் ஒரு கூடைப் பழம் பங்களாவுக்குப் போகும். துரைசாணி அதில் ஜாம் காய்ச்சி ஊருக்கும் அனுப்புவாளாம். கந்தப்பனுக்குத் தோட்டத்தில் இருந்த செல்வாக்கில் பாதி அந்தக் கூடையில் இருந்தது. இப்போது நல்லமுத்து எங்கே இருந்தான் என்று உண்மையை எழுதினால், தோட்டத்து நிலத்தில் களவாகத் தோட்டம் போட்ட கதையையும் சேர்த்து எழுதவேண்டும். அதனால் இந்தியா என்று எழுதிவிட்டான்.

நல்லமுத்து மூன்று தடவை அவன் வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எழுதியது எழுதியதுதான் என்று கந்தப்பன் சொல்லிவிட்டான். பிறகு நல்லமுத்து பதில் மனுவைக் கொடுக்க நுவரெலியாவுக்கு மூன்று தடவை நடந்தான். ஆனி, ஆடி மழை. முதல் தடவை ஏதோ கடுதாசி குறைகிறது என்றார்கள். இரண்டாம் தடவை ஆள் இல்லை. மூன்றாம் தடவை கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய துண்டை வேட்டி மடிப்பில் நனையாமல் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் நனைந்து வந்து படுத்தான். நெஞ்சில் சளி கட்டி, ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கூரை இடுக்கில்தான் செருகியிருந்தது. வேலாயி படுத்தபடியே பல தடவை அதைப் பார்த்தாள். எடுத்தால் மீனம்மாவுக்கு ஆளில்லை. எடுக்காவிட்டால் தனக்கு மூச்சில்லை. பதினாறு நாளும் இப்படியே கிடந்தவளுக்குக் காரியம் நடந்த அன்று, மூலையில் இருந்த கிரீஸ் டின்னில் எறும்பு ஒன்று ஒட்டிச் செத்திருந்தது கண்ணில் பட்டது. அப்போதுதான் வழி தெரிந்தது.

பத்து வருசமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள். நல்லமுத்து சாப்பிட்டுக்கொண்டே மரத்தைக் காட்டிப் பேசுவான். மனிதரிடம் அதிகம் பேசாதவன், மரத்தைப் பற்றி என்றால் நிறுத்தமாட்டான். ஒரு தடவை இளங்கொப்பை வளைத்து, அதில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்த மாப்பூச்சிகளைக் காட்டினான். கறுப்பு எறும்பு ஒன்று மீசையால் ஒரு பூச்சியின் முதுகைத் தடவ, பூச்சி பின்பக்கம் ஒரு சொட்டு விட்டது. எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்ததிடம் போனது.

"இந்தப் பூச்சிக்கு ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. எறும்புதான் காவல். அதுக்குக் கூலியா இது பால் குடுக்குது. ரெண்டும் கூட்டாளி, புள்ள. ஒண்ண விட்டு ஒண்ணு பொழைக்காது."

அப்படியென்றால் பூச்சியை நசுக்கிவிடுவதுதானே என்று வேலாயி கேட்டாள்.

"எத்தனைய நசுக்குவ? எறும்ப ஏற விடாம பண்ணு, போதும். மிச்சத்தப் புள்ளிவண்டு வந்து தின்னுபுட்டுப் போயிரும். எறும்பு இருக்கங்காட்டியும் வண்டால கிட்ட வர ஏலாது."

அதற்குத்தான் கிரீஸ். தேயிலை ஆலையான ஸ்டோரில் இஞ்சினுக்குப் போட்டுக் கழித்த கிரீஸை வாங்கிவந்து, மரத்தின் இடுப்பில் சாக்குத்துண்டைச் சுற்றி அதன்மேல் தடவுவான். எறும்பு அதுவரை வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். மரத்துக்கு வேறு வைத்தியம் அவன் செய்ததில்லை.

கந்தப்பன் அவளைப் பார்த்ததும் முதலில் திகைத்தான். மரத்தைப் பார்க்க ஆளில்லை என்றுதான் வந்தேன், அவர் கையால் வைத்தது காய்ந்துபோகக்கூடாது என்று வேலாயி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கந்தப்பனுக்கு மனம் இளகிவிட்டது. பாவம், விசுவாசமான சாதி என்று பெண்சாதி நாகலெட்சுமியிடம் சொன்னான். அந்த அம்மாள் நல்லவள். சிரட்டையில் தேயிலைச் சாயத்தண்ணியும், கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். வேலாயி சாயத்தண்ணியை வெறுமனே குடித்தாள். கருப்பட்டியை மடியில் முடிந்துகொண்டாள்.

அன்று அவள் செய்தது கொஞ்சந்தான். ஒவ்வொரு மரத்திலும் பழைய கிரீஸின் மேல் புதிய கிரீஸைத் தடவினாள். கந்தப்பன் சன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனான். அவன் போனதும் பொடிமண்ணை ஒரு பிடி அள்ளி, ஈரக் கிரீஸின் மேல் சீராகத் தூவினாள். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு வளையம் வளையமாகவே இருந்தது. எறும்புக்கு அது ரோட்டு. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, அடிமரத்திலிருந்து முதல் கொப்புவரை ஒரு கோடு இழுத்துவிட்டாள். பிறகு வேலியோரத்துக் கொய்யாவில் மாப்பூச்சி அப்பியிருந்த கொப்புகளை ஒடித்து, தோடை மரங்களின் கவட்டுகளில் ஒவ்வொன்றாகச் செருகினாள். புல் வெட்டுகிற சாக்கில், கட்டுச்சுவரிலிருந்து கிளைக்கு எட்டும்படி கவ்வாத்துக் குச்சிகளையும் சாய்த்து வைத்தாள்.

அடுத்த ஞாயிறு போனபோது முதல் மூன்று மரங்களில் எறும்பு ஏறியிருந்தது.

ஆவணி மழையில் நனைந்து நனைந்து, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, மலையில் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் வேலாயிக்கு ஞாயிற்றுக்கிழமை நினைப்புத்தான். அட்டை கடித்துக் காலில் ரத்தம் வழிவதுகூடத் தெரியாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கந்தப்பன், இன்றைக்குக் கொழுந்தில் முற்றல் அதிகம் என்று ஏசினால், சரிங்க ஐயா என்று மட்டும் சொல்லுவாள். மனதுக்குள் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

அவற்றின் வேலையை அவள் உட்கார்ந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை. குஞ்சுப் பூச்சியை எறும்பு வாயில் கவ்விக் கொண்டுபோய், இன்னும் பூச்சி பிடிக்காத இளங்குருத்தில் வைத்தது. பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி மெல்ல வைத்தது. புள்ளிவண்டு ஒன்று வந்து இறங்கியபோது நாலு எறும்புகள் ஓடிப்போய் அதன் காலைக் கடித்து இழுத்தன. வண்டு கீழே விழுந்தது. மழை அதிகமான வாரத்தில், கவட்டில் இருந்த பூச்சிகளுக்கு மேலே எறும்புகள் மண்ணால் கூரை கட்டின. துரை கட்டிக்கொடுத்த லயத்துக் கூரை ஒழுகுகிறது. இதுகள் கட்டிய கூரை ஒழுகவில்லை என்று வேலாயி நினைத்தாள். புருசன் செத்தபிறகு முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஐப்பசியில் இலைகளில் பிசுபிசுப்பு வந்தது. அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரி படிந்தது. அடுப்பு மேல் கூரை மாதிரி மரம் கறுத்தது. காய்கள் கோலிக்குண்டு அளவோடு நின்று, தோல் கறுத்து, ஒன்றிரண்டாக உதிரத் தொடங்கின. கந்தப்பன் ஒருநாள் ஒரு காயை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். கரி அவன் வேட்டியில் ஒட்டியதே தவிரக் காயை விட்டுப் போகவில்லை. ஸ்டோர் டீமேக்கர் சொன்னார் என்று சாம்பல் தூவினான். யாரோ சொன்னார்கள் என்று கந்தகம் புகை போட்டான். எறும்பு ஒருநாள் ஒதுங்கி, மறுநாள் திரும்பி வந்தது. வேலாயி சாம்பல் கூடையையும் தூக்கினாள், புகைச்சட்டியையும் பிடித்தாள். ஐயாவுக்கு ஏன் இப்படி ஒரு சோதனை என்று வருத்தப்பட்டாள்.

மார்கழியில் கூடை போகவில்லை. பங்களாவிலிருந்து ஆள் வந்து கேட்டது. கந்தப்பன் இருந்ததில் நல்லதாகப் பொறுக்கி முப்பது பழம் அனுப்பினான். துரைசாணி ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே சக்கையாக இருக்கிறது, மாட்டுக்குப் போடு என்று சொன்னாளாம். பங்களா சமையல்காரன் அதை, காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலேயே சொல்லிச் சிரித்தான். கந்தப்பன் முகம் செத்துப்போயிற்று. வேலாயி அன்று பெரட்டில் மூன்றாவது வரிசையில், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாள். குளிர் எலும்பைக் கடித்தது. அவளுக்கு மட்டும் வயிற்றில் கணப்புச்சட்டி வைத்தாற்போல இதமாக இருந்தது.

தை பிறந்த முதல் ஞாயிறு, கந்தப்பன் தோட்டத்துக்கு வந்தான். எப்போதும் சன்னலில் நிற்பவன், அன்று இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நல்லமுத்து இருந்தப்ப ஒரு நாளும் இப்பிடி ஆவல."

"அவரு இல்லீங்களே."

"என்னமோ மருந்து வச்சிருந்தான். ஒனக்குத் தெரியாம இருக்காது, வேலாயி."

"தெரியுங்க" என்றாள் அவள்.

கந்தப்பன் அவள் மேலே சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் புல்லைக் கூட்டி அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் ஐயா என்று போய்விட்டாள். மரம் சாகவேண்டும் என்பதற்கு மேல் அவள் அதுவரை எதையும் யோசித்ததில்லை. இவன் வந்து கேட்பான் என்று நினைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் ரொட்டி சுடும்போது அவள் மீனம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பொடிமண், கொய்யாக் கொப்பு, கருப்பட்டி, எல்லாம். மகள் மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதமாகத் தாயோடு முகம் கொடுத்துப் பேசாதவள். கணக்கப்பிள்ளைதான் வந்து கேட்கிறாரே, விசாரணையில் வந்து அப்பா இங்கேதான் இருந்தார் என்று சொல்லச் சொல்லுங்கள், மரத்தைச் சரிபண்ணிக் கொடுத்துவிடலாம் என்றாள். நல்லமுத்து போனாலும் அவன் மனுவில் தாய், மகள் பெயரும் சேர்ந்திருந்ததால், விசாரணைக்கு மாசிக் கடைசியில் நாள் குறித்துக் கடுதாசி வந்திருந்தது.

வேலாயி முடியாது என்றாள். அந்த மரம் பட்டு விழுந்து, அவன் அதை விறகுக்கு வெட்டுகிறதைப் பார்த்தால்தான் தன் நெஞ்சு ஆறும் என்றாள்.

"அப்பா செத்தது மரத்துக்காகவா, கடுதாசிக்காகவா?" என்று மீனம்மா கேட்டாள்.

வேலாயி அன்று ரொட்டி தின்னவில்லை. அந்த வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கொழுந்து எடுத்தாள். சனிக்கிழமை, மலையிலிருந்து இறங்கும்போது சங்கத் தலைவர் சோலைமலையின் காம்பிராவுக்குப் போய், வாசலில் குந்தி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கந்தப்பனிடம் தன் பேச்சைச் சொன்னாள். விசாரணையில் வந்து, நல்லமுத்து இந்தியாவுக்குப் போகவில்லை, இங்கேதான் இருந்தான் என்று ஐயா வாயால் சொல்லவேண்டும். ஆறு மரத்தை முன்னால் சரிபண்ணுவேன். மிச்சம் ஆறு மரத்தை விசாரணை முடிந்த மறுநாள் தொடுவேன். இவ்வளவுதான்.

கந்தப்பன் யோசித்தான். ஒரு கொழுந்துக்காரி தன்னிடம் பேரம் பேசுகிறாள் என்பதில் அவனுக்குக் கோபந்தான். ஆனால் அடுத்த மார்கழிக்குள் பெரிய கணக்கப்பிள்ளை வேலை காலியாகப் போகிறது. துரையின் முகம் அவனுக்கு வேண்டும். இந்தியா என்று எழுதியதைத் தவறுதல் என்று சொல்லிவிட்டால் என்ன போய்விடும்? தோட்டம் போட்ட கதையைச் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லையே. சரி என்றான்.

வேலாயியும் மீனம்மாவும் ஆறு மரத்தில் கை வைத்தார்கள். பூச்சி அப்பிய கொப்புகளை வெட்டி எரித்தார்கள். சவுக்காரத் தண்ணியில் புகையிலையைக் கசக்கிப் போட்டு இலை இலையாகக் கழுவினார்கள். சாய்த்து வைத்திருந்த குச்சிகளை வேலாயி எடுத்தாள். பழைய சாக்கை அவிழ்த்துவிட்டுப் புதுச் சாக்குச் சுற்றி, புதுக் கிரீஸ் தடவினாள். இந்தத் தடவை மண் தூவவில்லை. இருபது நாளில் புள்ளிவண்டுகள் வந்து இறங்கின. மாசி நடுவில் அந்த ஆறு மரத்திலும் தளிர் வந்தது. கந்தப்பன் தளிரைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லமுத்து கெட்டிக்காரன்தான் என்றான். வேலாயி டின்னை மூடினாள்.

விசாரணை ஐயா அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தானே வந்து, தோட்டத்து அலுவலகமான கந்தோரிலேயே வைத்து விசாரித்தார். சிங்கள ஐயா. மூக்குக் கண்ணாடி போட்டு, நிதானமாகப் பேசினார். தமிழில் சொல்ல ஒரு ஆள் கூட வந்திருந்தார். பழைய செக்ரோல் புத்தகங்களை எடுத்துக் காட்டவேண்டியிருந்ததால் துரையும் தன் மேசையில் உட்கார்ந்து புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். வேலாயியும் மீனம்மாவும் ஒரு சுவர் ஓரமாக நின்றார்கள். கந்தப்பன் கோட்டுப் போட்டு வந்திருந்தான்.

நல்லமுத்து இந்தியா போனதாக எழுதியது நீர்தானே என்று ஐயா கேட்டார். ஆமாம், அது தவறுதல் என்றான் கந்தப்பன். கீழ்க்கணக்கில் நல்லமுத்து என்று இன்னொருத்தன் இருந்தான், அவன் என்று நினைத்து எழுதிவிட்டேன். இந்த நல்லமுத்து எங்கும் போகவில்லை, இங்கேதான் இருந்தான், எனக்கு நன்றாகத் தெரியும் என்றான். சொல்லிவிட்டு வேலாயியைப் பார்த்தான். ஐயா அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, அப்படியானால் பதினாலு மாதமும் செக்ரோலில் ஏன் பெயர் இல்லை என்று கேட்டார்.

கந்தப்பன் அந்தக் கேள்விக்கும் ஒன்று வைத்திருந்தான். சுகமில்லாமல் லயத்தில் படுத்திருந்தான் என்றான்.

"பதினாலு மாசமா? தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகத்துல பேர் இருக்குமா?"

நாட்டு வைத்தியம் பார்த்தான் என்று நினைக்கிறேன் என்றான் கந்தப்பன். ஐயா பேனாவை வைத்துவிட்டு வேலாயியின் பக்கம் திரும்பினார். உன் புருசன் நோயில் கிடந்தானா என்று கேட்கச் சொன்னார். கந்தப்பன் அவளைப் பார்த்து, ஆமாம் என்று சொல், என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினான்.

வேலாயி கம்பளியைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"இல்லீங்க ஐயா. அவரு ஒரு நாளும் படுக்கல. கணக்கப்பிள்ளை ஐயா வீட்டுக்குப் பின்னால கல்லு கட்டி, தோடை மரம் நட்டுக்கிட்டு இருந்தாருங்க. பன்னெண்டு மரம். மலை வேலைக்கு விடல, பேரும் போடல. தொரை வீட்டு மேசைக்கு வருசா வருசம் போச்சுதே பழம், அதெல்லாம் அந்தப் பதினாலு மாசத்துல நட்டதுதாங்க."

தோட்டத்துத் துரைமாருக்குத் தமிழ் தெரியும். மொழி சொல்லுகிறவர் வாய் திறக்கும் முன்பே துரை குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

இதற்குச் சாட்சி உண்டா என்று ஐயா கேட்டார். வெளியே நிற்கிறார்கள் என்றாள் வேலாயி. சோலைமலை மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நல்லமுத்துவோடு சேர்ந்து அந்தக் கட்டுக்குக் கல் சுமந்தவர்கள். சனிக்கிழமை சோலைமலையோடு அவள் பேசிய பேச்சு இதுதான். இந்த மூன்று பேரும் முன்பே இருந்தவர்கள்தான். ஆனால் கணக்கப்பிள்ளை இந்தியா என்று சாதிக்கும்வரை கூலிக்காரன் சொல் எடுபடாது என்று சோலைமலை சொல்லியிருந்தார். இப்போது இந்தியா இல்லை என்று கந்தப்பனே சொல்லியாயிற்று, ஐயா எழுதியும் ஆயிற்று. இனி அவன் அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது.

மூன்று பேரும் ஒன்றே சொன்னார்கள். ஐயா அதையும் எழுதி, இனி இந்த மனுவைத் தள்ளக் காரணம் இல்லை என்றார். துரை எழுந்து கந்தப்பனுக்கு எதிரில் வந்து நின்றார்.

"நெசமா, கணக்கப்பிள்ளை?"

கந்தப்பன் துரையைப் பார்க்கவில்லை. வேலாயியைத்தான் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்தத் தோட்டத்தில் பிறந்த நாள் முதல் ஒரு கணக்கப்பிள்ளையின் முகத்தை அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது மீனம்மா தாயின் கம்பளியைப் பிடித்து நிறுத்தினாள். கணக்கப்பிள்ளை மாற்றிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், எல்லாமே போயிருக்குமே, நீங்கள் என்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று கோபித்தாள். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ விட்டிருக்கமாட்டாய் என்று வேலாயி சொன்னாள். அது உண்மைதான்.

அந்த வாரமே கந்தப்பனுக்கு வேலை போயிற்று. மாதக் கடைசிக்குள் வீட்டையும் விடவேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். விசாரணைக்கு மறுநாள் மிச்ச ஆறு மரத்தைத் தொடுவேன் என்று சொல்லியிருந்த வேலாயி போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

சாமான் ஏற்றும் நாளுக்கு முதல் நாள் பின்னேரம், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, கந்தப்பன் லயத்துக்கு வந்தான். கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. கணக்கப்பிள்ளையாக இருந்த பன்னிரண்டு வருசத்தில் அந்த வாசலுக்கு அவன் வந்தது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் காம்பிராக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். வேலாயி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"மிச்ச ஆறு மரம் பட்டுப்போவுது. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல."

"நீங்கதான் போறீங்களே."

"நான் போனா என்ன. மரம் என்ன பாவம் செஞ்சிச்சு? அந்த வியாதி எங்கருந்து வந்திச்சுன்னே தெரியல." அவன் குரலில் சூது எதுவும் இல்லை. அந்த மரங்களின் மேல் அவனுக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது.

வேலாயி கையில் இருந்த விறகைக் கீழே வைத்தாள். அவனுக்குத் தெரியாமல் போய்விட்டால் தான் செய்தது பாதிதான் என்று அவளுக்குப் பட்டது. ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் குரல் ஏறவில்லை. கிரீஸின் மேல் தூவிய மண்ணைச் சொன்னாள். கொய்யாக் கொப்பைச் சொன்னாள். நாகலெட்சுமி அம்மாள் கொடுத்த கருப்பட்டி எங்கே போனது என்று சொன்னாள். சாம்பல் போட்ட அன்று, அவன் உள்ளே போனதும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டதையும் சொன்னாள்.

"வியாதி இல்லீங்க. நான்தான். தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

கந்தப்பன் தூறலில் நனைந்தபடி நின்றான். தண்ணீர் அவன் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக வடிந்தது. அவன் ஏசுவான், கை ஓங்குவான் என்று வேலாயி எதிர்பார்த்தாள். அதற்கும் அவள் தயாராகத்தான் இருந்தாள். அவனால் அது முடியவில்லை. "நல்லமுத்து இப்பிடிச் செஞ்சிருக்க மாட்டான்" என்றான்.

"ஆமாங்க. அவரு செஞ்சிருக்க மாட்டாரு. அதான் செத்தாரு."

கந்தப்பன் திரும்பி நடந்தான். குறுக்குப் பாதையில் ஈரம் வழுக்கியது. ஒரு இடத்தில் கையை ஊன்றி எழுந்து போனான். வளைவில் மறையும்வரை வேலாயி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விறகை ஒரு கட்டாக அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மீனம்மா அடுப்படியில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். வந்தது யார் என்று திரும்பாமலே கேட்டாள்.

"யாருமில்ல" என்றாள் வேலாயி. "அந்த ரொட்டியப் பெரட்டிப் போடு, கருகுது."